வெள்ளியங்கிரிக்குப் போறீங்களாக்கும்!

இந்த வருசமும் வெள்ளியங்கிரிக்குக் கெளம்பிட்டீங்களாமா? நெம்ப சந்தோசம் கண்ணுகளா. தை பொறந்ததுல இருந்து எங்கூட்டுப் பேரன் போனைக் காதை விட்டு எடுக்கவே இல்ல. ராத்திரி பதினொரு மணிக்கும் பொடக்காளியில நின்னு குசுகுசுன்னு பேசறான். சரி, ஏதோ ஒரு அம்மிணி கெடைச்சிருச்சாட்ட இருக்குதுன்னு நானும் இவன்ற அப்பத்தாளும் மனசுக்குள்ளயே கல்யாண மண்டபம் வரைக்கும் போயிட்டோம். கடைசியில பார்த்தா அந்தப் பக்கம் பேசுனது அஞ்சு தடிமாடுக. ஒருத்தன் பெங்களூர்ல, ஒருத்தன் சென்னையில, ஒருத்தன் துபாய்ல, மிச்சம் ரெண்டு பேரு உள்ளூர்லயே. சிவராத்திரிக் கூட்டத்துல மாட்டக்கூடாது, சித்ரா பௌர்ணமிக் கூட்டத்துலயும் மாட்டக்கூடாதுன்னு கணக்குப் போட்டுப் பங்குனியில ஒரு சனிக்கெழமையப் புடிச்சிருக்கீங்க. வனத்துறைக்காரங்க பிப்ரவரியில இருந்து மே வரைக்குந்தான் மலையைத் தொறந்து விடறாங்க. அதுல ஒரு ராத்திரியைப் புடிக்க நீங்க மிச்ச எட்டு மாசமும் பழமை பேசறீங்க. பேசுங்க, தப்பில்ல. நீங்க மலை ஏறறது ஒரு ராத்திரி, மலையைப் பத்திப் பேசறது வருசம் பூராவும். கூலி கம்மி, வேலை அதிகம்.

யூடியூப்புல பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுக்கறீங்களே, திண்ணையில ஒரு கெழடு சும்மாதான உக்காந்திருக்குது, அதையும் ஒரு வார்த்தை கேப்போம்னு ஒருத்தனுக்கும் தோணல. பரவால்ல, கேக்காமயே சொல்றதுதான எங்க வேலை.

மொதல்ல அந்தத் துபாய்க்காரத் தம்பி. எட்டாயிரம் ரூவாய்க்கு ஜோடு வாங்கியிருக்காப்ல, பொட்டி பிரிக்காம கொண்டாராப்லன்னு பேரன் பெருமையாச் சொன்னான். அடடா, அப்படியே பிரிக்காம வெச்சிருந்து பூண்டி அடிவாரத்துல போயி மொதமொதல்லப் போடச் சொல்லுங்க. ஏறப்போற ஏழு மலையில மூணாவது மலையிலயே குதிகால் தோல் உரிஞ்சு தொங்கும், பொறவு எட்டாயிரத்தையும் கையில தூக்கிக்கிட்டு வெறுங்காலோட வருவாப்ல. அங்க பாதிப்பேரு வெறுங்காலோடதான் ஏறறாங்க, ஆரும் வித்தியாசமாப் பார்க்க மாட்டாங்க. இல்ல, தோல் உரியக்கூடாதுன்னா ஒரு பத்து நாளைக்கு முன்னயே அதைப் போட்டுக்கிட்டு தோட்டத்துக்கும் கடைவீதிக்கும் நடக்கோணும். இன்னொண்ணு, போறதுக்கு முந்தின நாள் கால் நகத்தை ஒட்ட வெட்டிப்போடுங்க. இறங்கும்போது விரல் முன்னால போயி ஜோட்டுல முட்டி முட்டி நகம் கருத்துப்போகும். இதை எந்த வீடியோவுலயும் சொல்ல மாட்டான், லைக் வராது.

சென்னைக்காரத் தம்பி மடக்குற கம்பு வாங்கியிருக்காப்லயாம், உள்ள ஸ்பிரிங்கு வெச்சது. வெச்சுக்கட்டும், கார் டிக்கியில நல்லா உறங்கும். பூண்டிக் கோயிலுக்கு முன்னால மூங்கில் தடி விக்கறாங்க, அதுல ஆளுக்கொண்ணு எடுங்க. எடுக்கறதுலயும் ஒரு பக்குவம் இருக்குது. மினுமினுப்பைப் பார்க்காதீங்க, கணுவைப் பாருங்க. கணு நெருக்கமா இருக்கோணும். அடியைக் கல்லுல ஒரு தட்டுத் தட்டுங்க; டொக்குன்னு சத்தம் வந்தா உள்ள பொந்து பெருசு, அதை அக்கட்ட வெச்சுடுங்க. கெட்டியாச் சத்தம் வந்தா கல்மூங்கில், உங்க ஆறு பேரையும் தாங்கும். ஏறும்போது கொஞ்சம் கீழ எறக்கிப் புடிக்கோணும், இறங்கும்போது நுனியில கை வெச்சு, தடியை ஒரு படி முன்னால ஊனிப்போட்டு அப்புறமேல்ட்டுக் காலை வெக்கோணும். தடி முன்ன, காலு பின்ன. கூட்டாளி மேல சாயறதை விடத் தடி மேல சாயறது நல்லது, தடி அதை வருசம் முச்சூடும் சொல்லிக் காட்டாது.

கட்டுச்சோத்துக்கு எங்கூட்டுல புளிச்சோறும் கடலை உருண்டையும் ஆயிரும். அதை பாலித்தீன் பையில கட்டாதீங்க. போளுவாம்பட்டி வனச்சரகத்து ஆளுக அடிவாரத்துலயே பையைப் பிரிச்சுப் பார்ப்பாங்க. பிஸ்கோத்துப் பாக்கெட்டைக்கூடப் பிரிச்சுக் காயிதத்துல கொட்டச் சொல்லுவாங்க. தண்ணி பாட்டிலுக்குக் காசு வாங்கிக்கிட்டு ஸ்டிக்கரு ஒட்டுவாங்க, திரும்பக் கொண்டாந்து காட்டுனாத்தான் காசு வரும். ஆயிரக்கணக்குல சம்பளம் வாங்கற பசங்க அந்தச் சில்லறைக்காகக் காலிப் பாட்டிலைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஏழு மலையும் இறங்கி வாரதைப் பார்க்கோணுமே! காட்டைக் காப்பாத்தச் சொல்லிப் புத்தி சொன்னா எவனும் கேக்கல, காசைக் காட்டுனதும் கேக்கறான். வனத்துறையில எவனோ நம்மூரு குணம் தெரிஞ்சவன் இருக்கான். அப்புறம், பாட்டுப் போடற டப்பாவை வீட்டுலயே விட்டுடுங்க. அது யானை நடமாடற காடு. யானை உங்க குரூப்புல இல்ல, அதுக்குப் புடிச்ச பாட்டு என்னன்னு உங்களுக்குத் தெரியாது.

சரி, ஏறுற சமாச்சாரத்துக்கு வாரேன். ஒரு பக்கத்துக்கு ஆறு கிலோமீட்டருன்னு எழுதிப் போட்டிருக்கறதைப் பார்த்து, பெங்களூர்த் தம்பி தினமும் ஆறு கிலோமீட்டரு ஓடறவன்தான, முக்கா மணி நேரத்துல ஓடிருவேன்னு சொன்னாப்லயாம். ஓடுங்க தம்பி. மொதல் மலையே கல்லுப்படி, செங்குத்தா நிமிர்ந்து நிக்கும். வெள்ளை விநாயகர் கோயிலு வரைக்கும் உங்க வாய் ஓடும், அதுக்கப்புறம் மூச்சுத்தான் ஓடும். நானும் பலதரம் பலபேரைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கேன். மொதல் மலையில எல்லாரும் சம்பளம், பதவி, கார் விலை பேசுவாங்க. ரெண்டாவது மலையில பாம்பாட்டிச் சுனைக்கு வரும்போது சர்க்கரை, கொழுப்பு, மாத்திரைன்னு பேச்சு மாறிரும். மூணாவது மலையில கைதட்டிச் சுனை. கை தட்டுனா தண்ணி வரும்னு சொல்லுவாங்க, ஆனா அந்நேரத்துக்கு எவனுக்கும் கை தூக்கவே தெம்பு இருக்காது. அங்க பேச்சே கெடையாது. 'அப்பா… சாமீ…'ன்னு ரெண்டே வார்த்தைதான்.

அந்த மூணாவது மலையிலதான் ஒவ்வொரு செட்டுலயும் ஒருத்தன் பின்னால நின்னு போவான். உங்க செட்டுல அது எங்க பக்கத்துத் தெரு தம்பி, தொந்தியைக் கொஞ்சம் முன்னால அனுப்பி வெச்சுப்போட்டுப் பின்னால தான் வார ஆளு. இப்பவே 'அவனை விட்டுப்போட்டுப் போயிரலாமா'ன்னு ரெண்டு பேரு தனியாப் பேசிக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன். நல்ல ரோசனை. அவனை விட்டுப்போட்டுப் போங்க, அப்ப நீங்க உக்கார்றதுக்கு ஆரைக் காரணம் சொல்லுவீங்க? நாலு படிக்கு ஒருக்கா, 'பாவம் அவன் வரட்டும்டா'ன்னு சொல்லிப்போட்டுப் பாறை மேல சாஞ்சுக்கறீங்களே, அவன் இல்லைன்னா 'எனக்கு முடியல'ன்னு நெசத்தைச் சொல்ல வேண்டி வரும். அந்தத் தம்பி உங்க அஞ்சு பேரு மானத்தையும் சேர்த்துச் சுமந்துக்கிட்டு வாரான். அதுக்கே அவனுக்குக் கூலி குடுக்கோணும்.

ஆனா ஒரு அக்கிரமம் பண்றீங்க, அதை மட்டும் விளையாட்டில்லாமச் சொல்றேன். முன்னால போனவங்க பத்து நிமிசம் உக்காந்து, ஆரஞ்சு உரிச்சுத் தின்னு, ஆசுவாசமாயி, அவன் மூச்சு வாங்கிக்கிட்டு வந்து சேர்ற நிமிசத்துல 'சரி, வா கெளம்பலாம்'னு எந்திரிக்கறீங்க. ஆருக்கு ஓய்வு வேணுமோ அவனுக்கு மட்டும் ஓய்வே இல்ல. அவனை முன்னால நடக்க விடுங்க. அவன் நடைதான் எல்லாருக்கும் நடை. வெசயா நடக்கறவன் கடைசியில வரட்டும், பொறுமைன்னா என்னன்னு அவனுக்கும் ஆராச்சும் ஒருத்தர் காட்டித் தரோணுமில்ல.

இன்னொரு விளையாட்டும் அங்க நடக்கும். மேல இருந்து இறங்கி வாரவங்கிட்ட 'இன்னும் எவ்வளவு தூரம்ங்க?'ன்னு கேட்டா, ஒருத்தன்கூட நெசத்தைச் சொல்ல மாட்டான். 'இதா, அந்தத் திருப்பந்தான்.' 'பத்து நிமிசம்ங்க.' அவங்களுக்கும் ஏறும்போது ஆரோ ஒருத்தரு அப்படித்தான் சொன்னாங்க. கோயில்ல விபூதி வாங்கறதாட்ட பயபக்தியா வாங்கிக்கிட்டு, இறங்கும்போது நீங்களும் அடுத்தவனுக்கு அதையே குடுங்க. நெசத்தைச் சொன்னா அவன் அங்கயே குந்திக்குவான், அந்தப் பாவம் உங்களுக்கு எதுக்கு.

நாலாவது, அஞ்சாவது மலையில பாதை கொஞ்சம் தணியும். ஆனா காத்து கெளம்பும். எங்க செட்டு வாத்தியாரு ஒருத்தரு சொல்லுவாரு, ஆயிரம் மீட்டர் ஏறுனா ஆறு, ஆறரை டிகிரி சூடு கொறையுமாம். வெள்ளியங்கிரி உச்சி ஆறாயிரம் அடிங்கறாங்க. அடிவாரத்துல வேர்த்து ஊத்துன சட்டை அங்க போயி முதுகுல பனிக்கட்டியா ஒட்டும். மாத்துச் சட்டை ஒண்ணும் கம்பளி ஒண்ணும் எடுத்துக்கங்கன்னு சொன்னா, 'அதெல்லாம் வேண்டாங்க தாத்தா'ன்னுவீங்க. வேண்டாம்தான், ஆறு பேருல ரெண்டு பேரு மட்டும் கொண்டு போங்க, போதும். ரெண்டு கம்பளிக்குள்ள ஆறு பேரு ஒட்டுக்கா முடங்கும்போதுதான் இந்த யாத்திரையோட நெசமான வேலை நடக்கும்.

எங்க செட்டுல மஞ்சள் யாவாரம் பண்றவன் ஒருத்தன் இருந்தான். எந்நேரமும் சிரிப்பு, எந்நேரமும் லொள்ளு. ஒரு வருசம் மஞ்சள் வெலை படுத்துப்போச்சு. ஊர்ல கேட்டா 'நமக்கென்ன குறைச்சலு'ம்பான். மொதல் மலையிலயும் அதையேதான் சொன்னான். அஞ்சாவது மலையில பீமன் களியுருண்டைன்னு ஒரு பெரிய பாறை இருக்குது, அதுக்குப் பக்கத்துல காத்துக்கு ஒதுங்கி உக்காந்திருந்தோம். இருட்டுல மொகம் தெரியாது. ஒருத்தன் டார்ச்சை அணைச்சான், செல்லு தீந்துரும்னு. அந்த இருட்டுக்குள்ள இருந்து அவன் கொரலு மட்டும் வந்துச்சு: 'தோட்டத்தை அடமானம் வெச்சுப்போட்டேன்டா. வீட்டுல தெரியாது.' ஒருத்தனும் வாயைத் தொறக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு, எங்கள்லயே மகாக் கஞ்சன் ஒருத்தன், சீயக்காயைக்கூட எண்ணிப் போடறவன், 'எவ்வளவுடா?'ன்னு கேட்டான். அவ்வளவுதான் நடந்துச்சு. இறங்கி வந்த வாரத்துலயே பணம் கைமாறிருச்சு, தோட்டம் இன்னைக்கும் அவன் மகன் கையில இருக்குது. அடிவாரத்துல இதைக் கேட்டிருந்தா அவனும் சொல்லியிருக்க மாட்டான், இவனும் குடுத்திருக்க மாட்டான். கஞ்சனுக்குக் குளுருல புத்தி பெரண்டுருச்சுன்னு அவன் பொண்டாட்டி நெம்ப நாளைக்குச் சொல்லிக்கிட்டு இருந்தாள்.

அதனாலதான் சொல்றேன், வருசா வருசம் மலையை மாத்தாதீங்க. ஒரு வருசம் பர்வதமலை, ஒரு வருசம் சதுரகிரி, அடுத்த வருசம் கர்நாடகாவுல குமார பர்வதம்னு பட்டியல் போட்டு வெச்சிருக்கீங்களாமா. அதுக்கெல்லாம் தனியாப் போங்க, ஆரு வேண்டாங்கறா. இந்த ஒரு நடை மட்டும் இதே மலையா இருக்கட்டும். மலை மாறாது, படி மாறாது. அதனால ஆரு மாறியிருக்கறான்னு பளிச்சுன்னு தெரிஞ்சுபோகும். போன வருசம் வழுக்குப்பாறையைத் தாவுனவன் இந்த வருசம் உக்காந்து நகந்தா, ஏதோ இருக்குதுன்னு அர்த்தம். போன வருசம் பேசிக்கிட்டே வந்தவன் இந்த வருசம் கம்முனு வந்தா, கம்பளியைக் கொஞ்சம் அவன் பக்கம் தள்ளுங்க. புது மலைக்குப் போனா மலையைத்தான் பார்ப்பீங்க, கூட்டாளியைப் பார்க்க நேரமிருக்காது.

பார்க்கறதுன்னு வந்ததும் இன்னொண்ணு. ஒருத்தன் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு, மொகம் வெளுத்து, குளுருலயும் வேர்த்துக் கொட்டுனா, அங்க கேலி வேண்டாம், சுக்குக் காப்பியும் வேண்டாம். அப்படியே உக்கார வெச்சு, உதவிக்கு ஆள் கூப்பிட்டுக் கீழ எறக்கற வழியைப் பாருங்க. இருதயக் கோளாறு, ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா இருக்கறவங்க ஏற வேண்டாம்னு வனத்துறை சொல்லிக்கிட்டேதான் இருக்குது. வருசா வருசம் பாதி மலையில மூச்சுத் திணறி ஆள் போயிட்ட சேதியும் பேப்பர்ல வந்துக்கிட்டேதான் இருக்குது. 'இன்னும் ரெண்டே மலைதான், மனசைத் திடப்படுத்திக்கோ'ன்னு உசுப்பேத்தறவன் கூட்டாளி இல்ல, கொள்ளி வெக்கறவன். ஆண்டவரு ஏழாவது மலையை விட்டு எங்கயும் குடி மாறிப் போயிற மாட்டாரு. அடுத்த வருசம் பார்த்துக்கலாம்.

ஆறாவது மலையில ஏறுனதெல்லாம் இறங்கோணும், அப்பவே பாதிப்பேருக்கு அழுகை வரும். கீழ ஆண்டி சுனை. அந்தத் தண்ணியில தலை முழுகாதவன் வெள்ளியங்கிரி போனதாக் கணக்கில்லைன்னு எங்க காலத்துல சொல்லுவோம். இப்ப ஒருத்தன் முழுகறான், அஞ்சு பேரு படம் புடிக்கறாங்க. முழுகுனவனும் 'சரியா வந்திருக்காடா'ன்னு கேட்டு இன்னொரு தரம் முழுகறான். அவனுக்கு ரெட்டைப் புண்ணியம், ரெட்டைச் சளி. அதுக்கப்புறம் ஏழாவது மலை, கையும் காலும் சேர்ந்து ஏறோணும். மேல போயி ஆண்டவரைப் பார்க்கறது உங்களுக்கும் அவருக்கும் உண்டான சமாச்சாரம், அதுல நான் நடுவுல வரல. சூரியன் கெளம்பறதை மட்டும் ஒரு நிமிசம் வெறுங்கண்ணால பார்த்துப்போட்டு அப்புறம் போனை எடுங்க. சூரியன் ஒண்ணும் அவசரமா ஓடிப்போற ஆளு இல்ல.

இறங்கும்போது ஒருத்தன் விடாம ஆறு பேரும் ஒண்ணு சொல்லுவீங்க: 'இனி இந்த மலைப்பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்டா.' மொதல் மலைக் கல்லுப்படியில, வெயிலு ஏறி, முட்டி ரெண்டும் கடகடன்னு ஆடும்போது அது அசலான வைராக்கியந்தான். ஏறும்போது மூச்சைச் சோதிக்கும், இறங்கும்போது தொடையைச் சோதிக்கும். உடம்போட பாரத்தை ஒவ்வொரு படிக்கும் புடிச்சு நிறுத்தறது தொடைதான். அன்னைக்கு ஒண்ணும் சொல்லாது, ரெண்டாம் நாளு பேச ஆரம்பிக்கும். திங்கக்கெழமை ஆபீசுல மாடிப்படியைப் பார்த்தா கண்ணுல தண்ணி வரும். கக்கூசுல உக்காந்து எந்திரிக்கறது பெரிய விசேசமா இருக்கும். அப்பவும் குரூப்புல 'எனக்கு வலியே இல்ல'ன்னு மொத ஆளாப் போடறவன் எவனோ, அவனுக்குத்தான் வலி அதிகம்.

செலவுக் கணக்கு ஒண்ணு இருக்குது. பெங்களூர்த் தம்பி டீக்காசு வரைக்கும் செயலியில ஏத்தி, இறங்குன அன்னைக்கே ஆளுக்கு இத்தனை ரூவா இத்தனை பைசான்னு தீர்த்துப்போடுவாப்லன்னு கேள்வி. கெட்டிக்காரரு. ஆனா சிநேகிதத்துல கணக்கைச் சுத்தமாத் தீர்த்துப்போட்டா அப்புறம் பார்க்கறதுக்கு என்ன இருக்குது? எங்க செட்டுல ஆலாந்துறை டிபன் கடைக் காசு ஆரோ ஒருத்தன் மேல எப்பவும் பாக்கி நிக்கும். 'போன வருசம் நாந்தான குடுத்தேன்', 'அதுக்கு முந்தி நானல்ல குடுத்தேன்'னு ஓரியாட்டம் நடக்கும். அந்தப் பாக்கியைக் கேக்கற சாக்குலயே தீபாவளிக்கு ஒருக்கா, பொங்கலுக்கு ஒருக்கா வீட்டுக்கு வந்துருவான். ஒரு அம்பது ரூவாயாச்சும் பாக்கி வையுங்க. வட்டி மட்டும் போடாதீங்க.

அப்புறம் ஒரு சின்ன விசயம். எந்தச் செட்டா இருந்தாலும் ஒருநாளைக்கு ஒருத்தனுக்கு முட்டி போயிரும். டாக்டரு ஏறக்கூடாதும்பாரு. உடனே அவனைப் பட்டியல்ல இருந்து எடுத்துப்போடறாங்க, அதுதான் தப்பு. அவனையும் கூட்டிக்கிட்டுப் போகோணும். பூண்டி அடிவாரத்துல அஞ்சு சோடி செருப்பையும் பையையும் காவல் காக்க ஒரு ஆள் வேணுமில்ல? இறங்கி வந்ததும் 'என்னாச்சு, எவன் அழுதான், எவன் வழுக்கி விழுந்தான்'னு மொதல் ஆளாக் கேக்கறதுக்கு ஒரு காது வேணுமில்ல? ஏறுனவன் அஞ்சு பேரும் ஒருத்தருக்கொருத்தரு சொல்லிக்க முடியாது, எல்லாரும்தான பார்த்தாங்க. ஏறாதவன் ஒருத்தன் இருந்தாத்தான் கதையே சொல்ல முடியும். எங்க செட்டுல இப்ப ஏறறவன் ஒருத்தனுமில்ல, அது வேற விசயம். மஞ்சள்காரன் போயிச் சேர்ந்துட்டான், வாத்தியாரு மகளோட திருப்பூர்ல இருக்காரு, கஞ்சன் கண்ணு தெரியாம உக்காந்திருக்கான்.

நீங்க டிரைவரு போக ஏழு பேர் உக்கார்ற வண்டியில்ல வாடகைக்குப் புடிச்சிருக்கீங்க? ஆறு பேருக்கு எதுக்குங்க கண்ணு ஏழு சீட்டு? வெறுஞ்சீட்டுக்குக் காசு கட்டறதாக்கும். பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம், செம்மேடு, பூண்டின்னு வழியெல்லாம் எனக்கு மனப்பாடம், அந்த மேப்புப் பொம்பளைய வாயை மூடச் சொல்லிரலாம். தடி எடுக்கறதுக்கும் ஆளு வேணும். டிரைவரு ராத்திரி பூராவும் தனியா உக்காந்திருந்தா போரடிச்சுத் தூங்கிப்போடுவாப்ல, பேச்சுத் துணைக்கும் ஆளாச்சு. எனக்குப் பின்னால உக்காந்தா வாந்தி வரும், முன்னால உக்கார வெச்சுடுங்க. கம்பளி என்றதை நான் எடுத்துக்கறேன். இவன்ற அப்பத்தாகிட்ட மட்டும் பேரூர்க் கோயிலுக்குன்னு சொல்லுங்க. பேரூரு வழியாத்தான போறோம், பொய்யில்ல.